முதலில் ஓட்டை

ஹெல்சிங்லாந்து, சுவீடன்



இந்த முறை பனியைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்போவதில்லை. போன மடலைப் படித்த என் அண்ணி, "அங்க ஐஸைத் தவிர வேற ஒண்ணுமே கிடையாதா தம்பி?" என்று கேட்டுவிட்டார். இருக்கிறது அண்ணி. எங்கள் பக்கத்து வீட்டில் ஒருவர் கார் கொட்டகையில் கோடாலி அடிக்கிறார்.

எங்கள் ஊர் ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே, காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல். சுற்றிலும் காடு. ஹீட்டர் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனாலும் விறகடுப்பு இல்லாத வீடு இந்தப் பக்கம் அபூர்வம். வசந்தம் தொடங்கும்போதே விறகைப் பிளந்து, கோடை முழுக்க அடுக்கி உலர்த்தி, குளிர்காலத்தில் எரிப்பார்கள். பெரிய கட்டையைப் பிளக்கக் கனத்த கோடாலி ஒன்று. அடுப்பு பற்றவைக்கச் சிராய் சீவ கைக்கோடாலி ஒன்று. கனத்தது கொட்டகையில் தூங்கும். சின்னதுக்குத்தான் தினமும் வேலை.

பக்கத்து வீட்டுக்காரர் காகித ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு, தாலர்னா பகுதியில் இன்ஷோன் என்ற ஊரில் உள்ள சேட்டர்கிளான்டன் கைத்தொழில் பள்ளியில் கோடை வகுப்பில் சேர்ந்து கொல்லு வேலை படித்தார். எழுபதை நெருங்குகிறவர் உலைக்களத்துக்குப் படிக்கப் போவது இங்கே செய்தியே அல்ல. திரும்பி வந்தவர் பழைய சிலிண்டர் ஒன்றை அறுத்து, உள்ளே பீங்கான் கம்பளி வைத்துப் பூசி, கேஸ் உலை ஒன்று கட்டிக்கொண்டார். நிலக்கரி வைத்தால் அண்டை வீட்டுத் துணியெல்லாம் கறுத்துப்போகும் என்று அந்த ஏற்பாடு. பட்டறைக்கல் மட்டும் பழையது, சோதர்ஃபோர்ஸ் வார்ப்பு. அந்த ஊரில் 1676இல் கப்பல் நங்கூரம் அடிக்கத் தொடங்கிய தொழிற்சாலை, பிற்காலத்தில் பட்டறைக்கல்லுக்கும் பேர்போனது. சுத்தியைத் தானாக விழ விட்டால் கல் அதைக் கைக்கே திருப்பி அனுப்புகிறது. நல்ல கல்லுக்கு அதுதான் சோதனையாம்.

கைக்கோடாலிக்கு ஆள் போதாமல்தான் என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கிடைத்த உத்தியோகம் சம்மட்டி. அவர் சின்னச் சுத்தியால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவார். அதே இடத்தில் என் சம்மட்டி இறங்க வேண்டும். பேச்சு கிடையாது. சுத்தியைக் கல்லின் ஓரத்தில் தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். கணினி முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறவனுக்கு இதைவிடத் தெளிவான மேலாளர் அமைந்ததில்லை.

கோடாலி என்றதும் எல்லோரும் நினைப்பது வாயையும் அதன் கூரையும். அடிக்கிறவருக்கு அது கடைசிக் கவலை. முதல் கவலை ஓட்டை, காம்பு நுழையும் ஓட்டை. அது நேராக விழுந்துவிட்டால் வேலையில் பாதி முடிந்த மாதிரி. கோணிவிட்டால் மற்றதெல்லாம் பொன்னாக அமைந்தாலும் அந்தக் கோடாலி விறகில் கோணலாகத்தான் இறங்கும்.

கையில் இருப்பது வெறும் சதுரக் கம்பி. 40 மில்லிமீட்டர் சதுரம். ஐரோப்பாவில் சி45 என்று விற்கும் எஃகு. நூற்றுக்கு 0.45 அளவில் கார்பன் இருக்கிறது. அது ரொம்பக் குறைந்தால் வாய் நிற்காது. ரொம்பக் கூடினால் விறைத்துப்போய், ஆணியிலோ கணுவிலோ பட்டதும் சில் தெறிக்கும். ஒரு தலைக்கு ஆறு சென்டிமீட்டர் நீளம் போதும், முக்கால் கிலோ வரும். அதை முதலிலேயே வெட்டி எடுப்பதில்லை. அரை மீட்டர்க் கம்பியாகவே வைத்து, ஒரு முனையை மட்டும் காய்ச்சுகிறார். மறுமுனையே கைப்பிடி; குறட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

கம்பி ஆரஞ்சு தாண்டி மஞ்சளுக்கு வந்ததும் கல்லுக்கு வருகிறது. நடுக்கோட்டில் சூட்டு உளியை வைத்துப் பிடிக்கிறார், நான் அடிக்கிறேன். மூன்று நான்கு அடிதான். உடனே உளியை உருவித் தண்ணீரில் முக்குகிறார். முக்காவிட்டால் உளியே பழுத்து உள்ளே மாட்டிக்கொள்ளும். பிறகு அந்தப் பள்ளத்தில் ஒரு சிட்டிகை கரித்தூள். மறுபடி உளியை வைத்து அடிக்கும்போது கரி எரிந்து கிளம்பும் வாயு, உளி ஒட்டாமல் மேலே தள்ளிக் கொடுக்கிறது. பள்ளத்திலிருந்து நீல நாக்கு ஒன்று புஸ்ஸென்று எட்டிப் பார்த்து மறையும். இப்படிக் காய்ச்சி அடித்து, காய்ச்சி அடித்து, உளி முக்கால்வாசி ஆழம் போனதும் கம்பியைப் புரட்டிப் போடுகிறார்.

இங்கேதான் நான் குனிந்து பார்த்தேன். புரட்டிய முகத்தில் ஓட்டை எதுவும் இல்லை. மஞ்சள் பரப்பின் நடுவே கறுப்பாக ஒரு கோடு மட்டும் தெரிகிறது, நிழல் விழுந்தது போல. உளி நுனி அந்தப்புறத்தில் இருந்து அழுத்தியபோது அந்த இடம் கல்லோடு ஒட்டி, கொஞ்சம் குளிர்ந்திருக்கிறது. அந்தக் குளிர்ச்சிதான் கோடு. அது சில விநாடிதான் நிற்கும். அதற்குள் உளியை அதன் மேல் வைத்தாக வேண்டும். இரண்டு பக்கத்து வெட்டும் நடுவில் சந்தித்தால் ஓட்டை நேர். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஒரு பக்கச் சுவர் தடித்து, மறுபக்கம் மெலிந்துபோகும். முப்பது வருடம் ஆலையில் அளவுகோலும் கையுமாக இருந்த மனிதர் இந்த இடத்தில் எந்தக் கருவியையும் எடுப்பதில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வைத்துவிடுகிறார்.

வெட்டினால் உலோகம் வீணாவதில்லை என்பது இதில் உள்ள லாபம். துளைபோடும் இயந்திரம் உள்ளிருப்பதைத் துருவலாக வெளியே தள்ளும். உளி பிளந்து ஒதுக்கத்தான் செய்கிறது. ஒதுங்கிய இரும்பு காம்பைச் சுற்றிச் சுவராக நிற்கிறது. பிறகு நுனி சிறுத்த இரும்பு முளையை இரண்டு பக்கத்திலிருந்தும் மாற்றி மாற்றி அடித்து இறக்கினால் கீறல் முட்டை வடிவத்துக்கு விரிகிறது. இரண்டு பக்கமும் அகன்று நடுவில் குறுகிய ஓட்டை வேண்டும். கீழிருந்து நுழைந்த காம்பு, மேலே ஆப்பு இறங்கியதும் விரிந்து பூட்டிக்கொள்ளும். தலை கழன்று பறக்காமல் இருப்பது இந்த இடுப்பினால்தான்.

மற்ற வேலை ஓடிவிடும் ரகம். ஓட்டைக்கு முன்னால் இரு பக்கமும் பள்ளம் இறக்கி, குறுக்கு முனைச் சுத்தியால் வாயை அகட்டுவது. தலையைக் கம்பியிலிருந்து வெட்டி எடுப்பது. ஓட்டையில் நேரான குச்சியைச் செருகி, வாயும் குச்சியும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பது. விளிம்பை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனாகவே விட்டுவிடுகிறார். மெலிந்த விளிம்பு தோய்ச்சலில் வெடிக்கும், அல்லது வளையும்.

தோய்ச்சலுக்கு முன் மூன்று தரம் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுகிறார். அடிபட்டுக் குழம்பிக் கிடக்கும் உலோகத்தின் மணிகள் அதில் நுணுகி ஒழுங்காகின்றன. பிறகு ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுகிறார். சூடு 770 டிகிரியை எட்டியதும் எஃகு காந்தத்தைக் கைவிட்டுவிடும். அதிலிருந்து இன்னும் கொஞ்சம் சிவக்கவிட்டு, வாயை மட்டும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு எண்ணெயில் இறக்குகிறார். அறுபது டிகிரிக்குள் வெதுவெதுப்பாக்கிய ரேப்சீட் எண்ணெய்; கடுகுக்குப் பங்காளி. கொட்டகையே தாளிதம் போட்ட மாதிரி மணக்கிறது. ஓட்டையும் பின்தலையும் எண்ணெய்க்குள் போகக் கூடாது. அடியின் அதிர்ச்சியையும் ஆப்பின் அழுத்தத்தையும் தாங்குவது அவை, விறைத்துப்போனால் பிளந்துவிடும்.

வெளியே எடுத்த வாயில் அரத்தை ஓட்டிப் பார்த்தால் கண்ணாடி மேல் போவது போல் வழுக்குகிறது. அப்படியே வைத்தால் நொறுங்கும். சமையலறை ஓவனில் 220 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவைத்து மறுபடி இரண்டு மணி நேரம். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் படர்ந்தால் பதம் இறங்கிவிட்டது. அவர் மனைவி இதற்கு விதித்த நிபந்தனை ஒன்றுதான்: ரொட்டி சுடும் நாளில் இரும்பு வேகக் கூடாது.

இந்த வழி எஃகு மலிவான பிறகு வந்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் மெல்லிரும்புப் பட்டையை முளையைச் சுற்றி மடித்து, வாய்க்கு மட்டும் ஒரு துண்டு எஃகை இடையில் செருகி, காய்ச்சிப் பற்றவைத்தார்கள். எஃகு அவ்வளவு விலை. ஸ்டாக்ஹோம் வரலாற்று அருங்காட்சியகத்தில் மேஸ்டர்மிர் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. 1936இல் கோட்லாந்து தீவில் சதுப்பு நிலத்தை உழுதவரின் கலப்பையில் தட்டிய ஓக் மரப் பெட்டி. உள்ளே வைக்கிங் காலத்துக் கைவினைஞர் ஒருவரின் முழுச் சொத்து: சுத்திகள், குறடுகள், அரங்கள், ரம்பங்கள், கோடாலிகள், வாய்ச்சிகள். பக்கத்து வீட்டுக்காரர் என்னை அங்கே கூட்டிப்போய்க் குறட்டைக் காட்டி, "என்னுடையதும் இதேதான்" என்றார். பெருமை அடித்துக்கொள்ளவில்லை. ஆயிரம் வருடமாக அதை மேம்படுத்த யாருக்கும் தேவைப்படவில்லை என்கிறார். பெட்டிக்குச் சொந்தக்காரர் யார், தெரியாது.

எங்கள் பகுதியிலேயே கிரான்ஸ்ஃபோர்ஸ் என்ற சிற்றூரில் கோடாலித் தொழிற்சாலை இருக்கிறது. அதன் கோடாலிகள் உலகெங்கும் போகின்றன. 'கையால் அடித்தது' என்று கேள்விப்பட்டுச் சுத்தியோடு நிற்கும் ஆளைக் கற்பனை செய்ய வேண்டாம். அடிப்பது பெரிய இயந்திரச் சுத்தி. பழுத்த இரும்பை அதன் கீழே திருப்பிப் பிடிப்பது கை. அந்தத் திருப்பலில்தான் தொழில் இருக்கிறது. எண்ணிக்கைக்குக் கூலி என்ற முறையை அங்கே எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு தலையிலும், நிறுவனத்தின் முத்திரைக்குப் பக்கத்தில், அதை அடித்தவர் தன் பெயரின் முதலெழுத்துகளைக் குத்துகிறார். எழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். கோடாலியில் குறை என்றால் யாருடைய குறை என்பதும் அதிலேயே இருக்கிறது.

எனக்குத் திருப்பாச்சேத்தி நினைவு வந்தது. அந்த ஊர் அரிவாளைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் உண்டா? சினிமா வசனம்வரை போன பெயர். ஊர் பெயர்தான் போனது. அடித்தவர் பெயரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் சாதியைத்தான் கேட்டோம், அதையும் கேட்காமலே தெரிந்துவைத்திருந்தோம். 2025 ஜனவரியில் சிவகளை அகழாய்வின் முடிவு வெளியாகி, தமிழ் மண்ணில் இரும்பு கி.மு. 3345 வரை பின்னால் போகிறது என்று அறிவித்தபோது, இங்கே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் திருவிழா. நானும் பங்கெடுத்தேன். என் சிறுவயதில் எங்கள் ஊர்ப் பட்டறையில் துருத்தி ஊதியவரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். போனது நல்லதுதான். அவர் அப்பாவுக்குக் கிடைத்தது வருடத்துக்கு ஒரு தரம் களத்து நெல்லும், 'ஏய்' என்ற விளியும். அதே வேலையை இங்கே ஓய்வூதியக்காரர் ஒருவர் பணம் கட்டிப் படிக்கிறார்; படித்துவிட்டு வந்தால் தெருவே மரியாதையாக எட்டிப் பார்க்கிறது. வேலை ஒன்றுதான். உலைக்கு முன்னால் விருப்பப்பட்டு நிற்பதற்கும், வேறு வழியில்லாமல் நிற்பதற்கும் உள்ள தூரத்தை எந்த அகழாய்வும் அளக்கப்போவதில்லை.

பக்கத்து வீட்டுக்காரரிடமும் எழுத்துக் குத்தும் அச்சுப் பெட்டி இருக்கிறது, பிரிக்காமல். இன்னும் ஒரு தலையிலும் அவர் எழுத்து விழவில்லை. "ஓட்டை எனக்கே பிடிக்கிற மாதிரி வரட்டும்" என்கிறார். புதிய தலைக்கு ஆஷ் மரத்தில் காம்பு செதுக்குகிறார். காம்பின் ரேகை வாயோடு ஒரே திசையில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் ஒரே அடியில் முறியும் என்று அதற்கு ஒரு மாலை முழுக்கப் பலகை பொறுக்கினோம்.

எனக்கும் ஒன்று அடித்துத் தருவீர்களா என்று கேட்டேன். கேஸ், எஃகு, இரண்டு பேர் உழைப்பு என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

"கடையில் வாங்கு, பாதி விலைதான்" என்றார். "ஆனால் சனிக்கிழமை சம்மட்டிக்கு வந்துவிடு."

இப்படிக்கு,
உங்கள் வடக்கத்திய நிருபர்