முதலில் உணவு, பிறகு உரையாடல்



பொதுத்தேர்வுகள் முடிந்துவிட்டன. சேலத்திலும் நாமக்கல்லிலும் வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கிற நாட்கள் இவை. ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் பலமுறை போய்வந்த குடும்பங்கள் இந்த ஆண்டு கடலைப் பார்க்க ஆசைப்படுகின்றன. ஆகவே 13 வயது முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளோடு கடலோர விடுதி ஒன்றில் சில நாட்கள் தங்கியிருக்கத் திட்டமிடும் பெற்றோருக்காக இவ்வாரத் தியானத்தை எழுதுகிறேன்.

நம் சமவெளிக்குக் கடல் இல்லை. ஆயினும் கடலுக்குப் போகும் ஆறு உண்டு. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையைக் கடந்து வரும் காவிரி, குமாரபாளையம், பள்ளிபாளையம், பரமத்திவேலூர், மோகனூர் ஆகிய ஊர்களின் கரைகளைத் தொட்டுச் சென்று, முடிவில் பூம்புகாரில் வங்கக் கடலோடு கலக்கிறது. பூம்புகாருக்குத் தெற்கே சிறிது தொலைவில் தரங்கம்பாடி இருக்கிறது. எந்தக் கடற்கரைக்குப் போகலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் அதுவே. அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

நம் வீடுகளின் நிலையை நீங்கள் அறிவீர்கள். லாரித் தொழிலில் இருக்கும் தகப்பன் மாதத்தில் பாதி நாட்கள் வடமாநிலச் சாலைகளில் இருக்கிறார். திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு தோண்டப் போனவர் பல மாதங்கள் கழித்தே வீடு திரும்புகிறார். கோழிப்பண்ணை வைத்திருப்பவர் எங்கும் போவதில்லை. ஆனால் தீவனமும் தண்ணீரும் முட்டையும் அவரை ஒருநாளும் விடுவதில்லை. பிள்ளைகளோ விடுதிப் பள்ளியில் தங்கிப் படிக்கிறார்கள். அல்லது அதிகாலைத் தனிவகுப்புக்குப் போய் இரவில் களைத்துத் திரும்புகிறார்கள். பத்தாம் வகுப்பை முடித்த ஒரு பிள்ளை உங்களோடு முழுமையாகக் கழிக்கக்கூடிய கோடை விடுமுறைகள் இன்னும் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு அல்லது மூன்று. அதற்குப் பின் கல்லூரி, வேலை, வேற்றூர். ஆகையால் இந்தப் பயணத்தை வெறும் பொழுதுபோக்கு என்று நான் கருதவில்லை.

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் சபையின் சகோதரர் ஒருவர் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். அவர் லாரி உரிமையாளர். அவருடைய மகன் பதினோராம் வகுப்பை விடுதியில் தங்கி முடித்திருந்தான். இப்போது நான் எழுதுவதை அவர்கள் இருவருடைய அனுமதியோடும் எழுதுகிறேன். அந்தத் தாளில் மூன்று நாட்களுக்கான திட்டம் இருந்தது: தஞ்சாவூர், கும்பகோணம், வேளாங்கண்ணி, நாகூர், தரங்கம்பாடி, பூம்புகார், பிச்சாவரம். ஒவ்வொன்றுக்கும் நேரம் குறிக்கப்பட்டிருந்தது. "ஐயா, ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்" என்றார்.

"தம்பியோடு உட்கார்ந்து பேச எந்த நேரத்தை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் தாளை மறுபடியும் பார்த்தார். "வண்டியில் போகும்போது பேசிக்கொள்ளலாம் ஐயா" என்றார். வண்டியை ஓட்டப்போகிறவர் அவர்தான்.

அன்று அவரோடு யோவான் 21-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். வேதாகமத்தில் கடற்கரையில் நடைபெறும் காட்சிகளுள் பெற்றோர் அடிக்கடி வாசிக்க வேண்டியது அதுவென்று எண்ணுகிறேன். இராமுழுவதும் வலை வீசியும் ஒன்றும் கிடைக்காத ஏழு சீஷர்கள் திபேரியாக் கடலில் இருக்கிறார்கள். விடியற்காலையில் இயேசு கரையில் நிற்கிறார். அவர்களைப் பார்த்து அவர் முதலில் கேட்பது உண்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்பதே. அவர்கள் கரையேறும்போது கரிநெருப்பு மூட்டப்பட்டிருக்கிறது, அதன்மேல் மீன் வைக்கப்பட்டிருக்கிறது, அப்பமும் இருக்கிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம் கையாலே அவர்களுக்குப் பரிமாறுகிறார்.

அந்த எழுவரில் பேதுருவும் ஒருவன். சில நாட்களுக்கு முன்பு வேறொரு கரிநெருப்பின் அருகே நின்று குளிர்காய்ந்தபடி ஆண்டவரை மறுதலித்தவன். அவனோடு பேசித் தீர்க்க வேண்டிய காரியம் பெரிது. இருந்தும் இயேசு அவசரப்படவில்லை. அவர்கள் சாப்பிட்டு முடித்த பின்பே அவனைப் பெயர் சொல்லி அழைத்து, அன்பைக் குறித்து மூன்றுமுறை கேட்டார் என்று யோவான் எழுதுகிறார். ஈரம் காயாமல், பசியோடு, களைப்போடு இருந்தவனை அவர் விசாரிக்கவில்லை.

நாம் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. பிள்ளை வண்டியில் ஏறியதும் மதிப்பெண்ணைக் கேட்கிறோம். விடுதி வாசலில் இறங்குமுன் நுழைவுத்தேர்வைப் பற்றிப் பேசுகிறோம். அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஒரு வார்த்தையில் பதில் சொன்னால் வருத்தப்படுகிறோம். பதின்பருவப் பிள்ளைகள் பேசுவார்கள், பிரியமானவர்களே. ஆனால் நாம் குறித்துக்கொடுத்த நேரத்தில் பேசமாட்டார்கள். வயிறு நிறைந்து, உறக்கம் தீர்ந்து, அடுத்து எங்கும் போக வேண்டியதில்லை என்று தெரிந்தபின் தாங்களாகவே தொடங்குவார்கள். அதற்கு வெறுமையான நேரம் வேண்டும். நம் திட்டத்தில் இடம்பெற வேண்டிய முதற்பொருள் அந்த வெறுமையான நேரமே.

தரங்கம்பாடியை நான் சொல்வதற்கு ஒரு காரணம் அதன் அமைதி. இன்னொரு காரணம் அங்கே வந்திறங்கிய ஓர் இளைஞர். டென்மார்க்கு தேசத்தார் 1620-இல் அங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். 1706 ஜூலை 9 அன்று அந்தக் கரையில் பர்த்தலோமேயு சீகன்பால்கும் அவருடைய தோழர் புளூட்சோவும் இறங்கினார்கள். சீகன்பால்குக்கு மறுநாள்தான் 24 வயது நிறைந்தது. தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் அங்கே அச்சேறி முடிந்தது. புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அவர் 36 வயதில் மரித்தார். இவையெல்லாம் நம் ஓய்வுநாள் பள்ளியிலே சொல்லப்படுவதே. ஆனால் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டியது வேறொன்று. கல்வி கற்று வந்த அந்த ஐரோப்பியர், தமிழெழுத்துகளைக் கற்பதற்காகத் திண்ணைப்பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுதிப் பழகினார். பேசுவதற்கு முன் அவர்களுடைய மொழியைக் கற்றார். நம் பிள்ளைகளுக்கும் ஒரு மொழி இருக்கிறது. அவர்கள் கேட்கும் பாட்டும், சிரிக்கும் காணொளியும், பயப்படும் காரியங்களும் அதில் அடங்கும். மூன்று நாட்களாவது அவர்கள் அருகே மாணவராக அமருங்கள்.

இனி திட்டத்துக்கு வருகிறேன். ஓய்வுக்கும் ஆயத்தம் தேவை. யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தில், ஓய்வுநாளில் வெளியே போகாதபடிக்கு, இஸ்ரவேலர் ஆறாம் நாளிலே மன்னாவை இரட்டிப்பாகச் சேர்த்தார்கள். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். பண்ணையையோ பட்டறையையோ தறியையோ பார்த்துக்கொள்ளும் ஆளிடம் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் ஒப்படையுங்கள். தொழில் அழைப்புகளுக்கு ஒரு நாளில் ஒரு வேளை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கைப்பேசிக்கு நீங்கள் விதிக்கும் கட்டுப்பாடு உங்கள் கைப்பேசிக்கும் பொருந்தட்டும்.

இயலுமானால் ரயிலில் போங்கள். சேலத்திலிருந்து நாமக்கல், கரூர், திருச்சி வழியாக மயிலாடுதுறைக்கு ரயில் உண்டு. அங்கிருந்து தரங்கம்பாடிக்குப் பேருந்தில் போகலாம். வண்டி ஓட்டும் பாரம் இல்லாத தகப்பன் பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்து வரமுடியும். சனி, ஞாயிறு தவிர்த்து வாரநாட்களில் அறை எடுத்தால் செலவு குறையும்; கூட்டமும் குறையும். ஒரே விடுதியில் தங்குங்கள். ஊர் ஊராக மாறாதீர்கள். ஒரு நாளுக்கு ஒரு காரியம் போதும். அதையும் பிள்ளைகளே தெரிந்துகொள்ளட்டும்.

சூரிய உதயத்தைப் பார்க்க வாரும் என்று அவர்களை உலுக்கி எழுப்ப வேண்டாம். பருவ வயதில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதித்தே சுரக்கத் தொடங்குகிறது. அவர்களுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். உதயத்தை நீங்கள் இருவரும் பார்த்து ஜெபித்துவிட்டு வாருங்கள். நம் வழக்கப்படி முதல்நாள் பயணத்துக்குப் புளிசாதம் கட்டிக்கொள்ளலாம். ஆனால் அடுப்பையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு போய்த் தாயை அங்கேயும் சமைக்க வைக்காதீர்கள். திபேரியாக் கரையில் சமைத்தவர் ஆண்டவர் என்பதைத் தகப்பன்மார் நினைவில் கொள்ளட்டும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். கிணற்றிலும் வாய்க்காலிலும் நீச்சல் பழகிய நம் பிள்ளைகள் கடலையும் அப்படியே எண்ணுகிறார்கள். கிணற்றுநீர் இழுக்காது, கடல் இழுக்கும். எங்கே இறங்கலாம் என்று உள்ளூர் மீனவரிடம் கேட்டபின்பே கால் நனையுங்கள். இருட்டியபின் இறங்க வேண்டாம். நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு தளர்ந்தபின் கரை சேர வேண்டும் என்று புறப்படுமுன்பே சொல்லிக்கொடுங்கள்.

அந்தச் சகோதரர் தம் தாளிலிருந்து ஐந்து ஊர்களை அடித்துவிட்டார். தரங்கம்பாடியில் இரண்டு இரவுகள். பூம்புகாருக்கு ஒரு மாலைப்பொழுது. முதல்நாள் மகன் பெரும்பாலும் தூங்கினான். தகப்பனுக்குக் கொடுத்த பணம் வீணாயிற்றே என்று தோன்றியதாம். இரண்டாம் நாள் மதிய உணவுக்குப் பின் இருவரும் விடுதித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது, அவன் கடலைப் பார்த்தபடியே, "அப்பா, மூன்று மாதமாக எனக்குச் சரியான தூக்கமே இல்லை. அந்த விடுதிக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது" என்றான். வாரந்தோறும் தொலைபேசியில் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவந்த பிள்ளை.

தகப்பனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. புத்தி சொல்லாமல், எழுந்து போகாமல், பக்கத்திலேயே இருந்தார். நெடுநேரத்துக்குப் பிறகு மகன் மீதியையும் சொன்னான். அந்த ஜூன் மாதம் அவன் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் பள்ளிக்கு மாறினான். மதிப்பெண் கூடியதா குறைந்ததா என்று நான் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் தகப்பனோடு ஒரே இருக்கையில் அமர்கிறான்.

கடற்கரைக்குப் போக வசதியில்லாத குடும்பங்களும் நம் சபையில் உண்டு. உங்களுக்கும் இதையே சொல்கிறேன். மோகனூர் ஆற்றங்கரையிலோ மேட்டூர்ப் பூங்காவிலோ ஒரு பகற்பொழுது போதும். கட்டுச்சோற்றைப் பகிர்ந்துண்டு, அவசரமின்றி உட்கார்ந்திருங்கள். திட்டம் கலைந்தாலும் சோர்ந்துபோகாதீர்கள். மாற்கு 6-ஆம் அதிகாரத்தில், சாப்பிடவும் நேரமில்லாதிருந்த சீஷரை ஆண்டவர் ஓய்வுக்கென்று வனாந்தரமான இடத்துக்கு அழைத்துச் சென்றபோது, ஜனங்கள் அங்கேயும் முந்திக்கொண்டு வந்தார்கள். அவர் எரிச்சலடையவில்லை, மனதுருகினார். இடையூறு வந்த நாளிலும் அப்படியே மனதுருக நமக்குக் கிருபை உண்டு.

ஜெபிப்போம். கரையிலே நெருப்பு மூட்டிக் காத்திருந்த ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளுக்காக எங்களிடம் இன்னும் மீதமிருக்கும் நாட்களுக்காக உம்மைத் துதிக்கிறோம். கேட்பதற்கு முன் ஊட்டவும், பேசுவதற்கு முன் காத்திருக்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். பயணம் போகிறவர்களைப் பத்திரமாய்க் கொண்டுபோய்ப் பத்திரமாய்க் கொண்டுவாரும். வாய்திறவாமல் பாரம் சுமக்கிற பிள்ளைகளுக்கு, கேட்கிற செவியுள்ள பெற்றோரைத் தந்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம் பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்