பாதுக்க வழியாக

தெஹியோவிட்ட. பின்னேர மழை.

ஏழு லயக் கூரைகள். ஐந்தில் டிஷ். எல்லாம் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கின்றன, சிரட்டை மாதிரி.

மழை பலத்தால் படம் நின்றுவிடும்.

டிஷ் பார்க்கிற இடம் பூமத்திய ரேகைக்கு மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர். கிளார்க் பாதை என்பார்கள். ஆர்தர் சி. கிளார்க் 1945இல் எழுதிய கட்டுரை.

1956இல் இலங்கைக்கு வந்தவர். 2008 மார்ச்சில் கொழும்பில் இறக்கும்வரை இங்கேதான்.

1968. கிளார்க்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'. நாவலும் படமும். படத்தின் ஆரம்பக் காட்சிகளிலேயே பலர் எழுந்து போனார்கள். ஸ்டான்லி குப்ரிக் 19 நிமிடம் வெட்டினார். பிறகு இளவட்டங்கள் வந்தார்கள். திரும்பத் திரும்ப வந்தார்கள்.

1970. அப்போலோ 13இன் கலத்துக்கு 'ஒடிசி' என்று பெயர்.

1982. வரிசையில் இரண்டாவது நாவல், '2010'. கொழும்பிலிருந்து நியூயோர்க்குக்கு ஒரே ஒரு ஃப்ளொப்பியில் போனது. ஐந்தங்குலம். கடைசித் திருத்தங்கள் பாதுக்க செய்மதி நிலையம் வழியாக.

பாதுக்க! அவிசாவளையில் ரயில் ஏறினால், வாகைக்குப் பிறகு வருமே, அந்தப் பாதுக்க.

எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

1984இல் அதுவும் படம். பார்த்தார்கள். சண்டை போட்டுப் பேச ஆளில்லை.

'2061' வந்தது 1987இல். '3001', 1997இல். இரண்டும் படமாகவில்லை. நாலாவது எனக்குப் பிடிக்கவில்லை. முதலாவதில் இருந்த மௌனம் இதில் இல்லை.

நிஜமான 2001 வந்தது. செவ்வாய்க்கு ஒரு கலம் போனது. அதற்கும் ஒடிசிதான் பெயர்.

இப்போது செயற்கை நுண்ணறிவு என்று வாயைத் திறந்தாலே '2001'இன் கணினி ஹாலை இழுக்கிறார்கள். அந்தச் சிவப்புக் கண்ணை. புத்தகத்தைக் கேட்பவர் இல்லை.

பக்கத்து லயத்தில் 'எந்திரன்' ஓடுகிறது. எத்தனையாவது தடவையோ. அது வந்ததும் 2010.

கிளார்க் இன்னொரு நாவலில் சிவனொளிபாதமலை உச்சியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் போட்டார். பெயரை மாற்றி. அதற்காகத் தீவையே தெற்கே நகர்த்திப் பூமத்திய ரேகையில் வைத்தார். இந்த வரிசையில் சேராத புத்தகம். ஆனாலும்.

பருவகாலத்தில் நம் ஆட்கள் நல்லதண்ணியில் இறங்கி ஏறுகிற மலை. நடந்துதான்.

1986இல் ஹேலி வால்வெள்ளியைத் தேடி ரப்பர் மலையில் நின்றேன். முகில்.

திரும்ப 2061இல்.

இஸ்தோப்பில் நாலு வயதுப் பிள்ளை, கூரைத் தண்ணீரைக் கையில் ஏந்திக்கொண்டிருக்கிறாள்.

மழை விடவில்லை. காலையில் மரம் ஈரமாக இருக்கும். பால்வெட்டு இல்லை.