பொன்னிறமெல்லாம் தேக்கா?

சிதம்பரத்தை அடுத்த விவசாயி ஒருவர், புது வீட்டு நிலைக்கு மரம் வாங்கக் கடலூர் போனார். கடையில் காட்டிய தேக்குப் பலகை பொன்னிறமாகப் பளபளத்தது, விலையும் மலிவு. கூட வந்த தச்சர் ஓரத்தில் இழைப்புளியை ஓட்டினார். உள்ளே வெளுப்பு.

“அண்ணே, இது சாயம்.”

தேக்கை இழைத்தால் பதனிட்ட தோல் போல வாசம் வரும். தடவினால் எண்ணெய்ப் பசை தெரியும். அறுத்த முனையில் ஆண்டு வளையங்கள் தெளிவாக இருக்கும். அசல் தேக்கே ஆனாலும், வைரம் ஏறாத வெளுத்த பாகம் கரையானுக்குத் தீனிதான்.

பண்ருட்டியில் மாமனார் கொட்டகையில், 2011 டிசம்பர் 30-ல் தானே புயலில் சாய்ந்த பலா அறுத்துக் கிடக்கிறது. விறகு விலைக்குக் கேட்டும் அவர் கொடுக்கவில்லை. பலாவின் மஞ்சள் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. முன்பணம் கொடுக்காமல் இருவரும் பண்ருட்டி பஸ் ஏறினார்கள்.