திருச்சி பக்கத்தில் ஒரு காய்ந்த கடல்

ஸ்ரீரங்கம் தரிசனம் முடிந்து மறுநாள் காலை மிச்சமிருக்கிறதா? சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் வரை போய், அங்கிருந்து காரை கிராமத்துக்குத் திரும்புங்கள். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனைப் படத்தில் பார்த்து ஏங்கும் பிள்ளைகள் அசந்துபோவார்கள்.

மழைநீர் அரித்து அரித்து உண்டான களிமண் மேடுகள், நடுநடுவே வெடித்த பள்ளங்கள். ஒதுங்க நிழல் கிடையாது. ஒன்பது மணிக்கே வெயில் வறுத்துவிடும். விடியலில் கிளம்பி, குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோவது நல்லது. மழை பெய்திருந்தால் தள்ளிப்போடுங்கள், களிமண் வழுக்கும்.

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடலடி. தோட்டா போலக் கிடப்பவை பெலம்னைட், கணவாய்க்குச் சொந்தக்கார உயிரினத்தின் எச்சம். சுருளாக இருப்பது அம்மோனைட். பூஜை அறையில் இருக்கும் கண்டகி நதிச் சாளக்கிராமத்தின் சக்கரமும் அதே வகை உயிரினத்தின் தடயம்தான்! அதற்காக ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் அதன் வயதைச் சொல்கிறார்கள். வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் கல்.

தொட்டுப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, அப்படியே சாத்தனூருக்குப் போகலாம். 1940-ல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் நீளக் கல்மரம், அங்கே வேலிக்குள் பத்திரமாகப் படுத்திருக்கிறது.