உருபின்மையும் இன்மையும்

வலைநிரல் எழுதுவோர் நாள்தோறும் கையாளும் புள்ளிக் குறியீடு மொழியியல் பயின்றோருக்குப் புதிதன்று. அடிப்படையில் அது ஆறாம் வேற்றுமை. ‘குமரனுடைய தந்தையின் வீட்டின் கதவு’ என்னும் தொடரில் உடையவர் முன்னும் உடைமை பின்னுமாக நிற்பதுபோல, வாக்கியம்.சொற்கள்[2].இலக்கணம்.வேற்றுமை என்பதிலும் வெளியடுக்கு முதலிலும் உள்ளடுக்கு ஈற்றிலும் நிற்கின்றன. (ஜாவாஸ்கிரிப்ட் தமிழ் எழுத்தாலான பெயர்களை ஏற்பதால் இது வெறும் மொழிபெயர்ப்பு அன்று, உண்மையில் ஓடும் நிரல்.) எல்லா நிரல்மொழிகளும் இவ்வரிசையைக் கொள்ளவில்லை. 1960-இல் வெளிவந்த கோபோல், ‘ஆஃப்’ என்னும் ஆங்கில முன்னிடைச்சொல்லை இட்டு, உள்ளிருப்பதை முதலில் கூறிப் பின் வெளியே செல்லும். அரபியின் உடைமைத் தொடரும் அத்தகையதே: முதலில் கதவு, பிறகு வீடு, கடைசியில் உரியவர். புள்ளியின் வரிசை தமிழ், இந்தி, ஜப்பானியம் பேசுவோருக்கு நெருக்கமானது என்பது அதிகம் பேசப்படாத செய்தி.

அணிக்குள் புகும்போது முதல் இடறல் வரும். ஜாவாஸ்கிரிப்டில் சொற்கள்.2 என்று எழுத இயலாது. எண்ணுக்குச் சதுர அடைப்பு வேண்டும். லோடாஷ், லாராவெல் ஆகியவற்றின் துணைச்செயல்கள் இத்தடையை நீக்கி, “சொற்கள்.2.இலக்கணம்.வேற்றுமை” என்று முழுப்பாதையையும் ஒரே சரமாக ஏற்கின்றன. வசதிதான். ஆயினும் அகராதித் தரவில் ‘வி.மு.’ போன்ற குறுக்கங்களே திறவுச்சொற்களாகப் பாதையின் நடுவில் வந்தால், புள்ளி எழுத்தா எல்லையா என்பதை நிரல் அறியாது. அங்கே பாதையைத் துண்டுகளின் அணியாகத் தருவதே வழி.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ‘குமரன் மெல்லக் கதவைத் திறந்தான்’ என்ற வாக்கியம் சொல்லுக்கொரு உறுப்பாக அணியில் இருப்பதாகக் கொள்க. எண்ணுதல் சுழியத்தில் தொடங்கும். சொற்கள்[0] குமரன், அதன் வேற்றுமை எழுவாய். சொற்கள்[2] கதவை, இரண்டாம் வேற்றுமை. சொற்கள்[3] திறந்தான், அதற்கு இலக்கணம் என்ற அடுக்கு உண்டு, காலமும் இடமும் பாலும் அதில் உண்டு, வேற்றுமை என்ற அறை மட்டும் இல்லை. சொற்கள்[1] மெல்ல, வினையடையாதலால் அதன் இலக்கண அடுக்கே வெற்றாக விடப்பட்டுள்ளது. மொழித்தரவகங்களில் இது வழக்கமே. பிராகின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவான 600 வாக்கியத் தமிழ் மரவங்கி இடம்பெறும் யுனிவர்சல் டிபெண்டன்சீஸ் திட்டத்தில், இலக்கணக் கூறு இல்லாத சொல்லுக்கு வெறும் அடிக்கோடு இடப்படுகிறது. அதைப் படிக்கும் நிரல்கள் அதனைப் பெரும்பாலும் வெற்று மதிப்பாக மாற்றிக்கொள்கின்றன.

புள்ளித் தொடரை நான்கு சொற்களின்மீதும் ஓட்டினால், ‘மெல்ல’ வந்ததும் நிரல் பிழை கூறி நின்றுவிடும். ‘திறந்தான்’ பிழை தராது. ‘வரையறுக்கப்படாதது’ என்று மட்டும் விடை தரும். நிரல் நிற்பதை யாரும் விரும்புவதில்லை. 2020-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஜாவாஸ்கிரிப்டில் சேர்ந்த வினாக்குறிப் புள்ளி, முன்னிருப்பது இல்லையென்றால் ஓசையின்றி விலகிக்கொள்ளும். துணைச்செயல்கள் இன்னும் தாராளம்: பாதை முடியாவிடில் எதைத் தரவேண்டும் என்று முன்கூட்டியே ஒரு மாற்று மதிப்பைச் சொல்லிவைக்கலாம்.

தமிழ்த் தரவுக்கு அந்த மாற்று மதிப்பாக ‘எழுவாய்’ என்பதை இடத் தோன்றுவது மிக இயல்பு. முதல் வேற்றுமைக்கு உருபு இல்லை. எனவே உருபு குறிக்கப்படாதது முதல் வேற்றுமை. கேட்கச் சரியாகவே இருக்கிறது. ஆனால் உருபு இல்லாமையும் வேற்றுமையே இல்லாமையும் ஒன்றல்ல. தொல்காப்பியம் எழுவாயை வேற்றுமைகளுள் ஒன்றாக எண்ணியதும், பாணினி லோபத்தை விதிக்குட்பட்ட ஒரு நிகழ்வாகக் கண்டதும் இவ்வேறுபாட்டை நன்கறிந்தே. ‘குமரன்’ என்பதில் இடம் உண்டு, அதில் ஒலி இல்லை. ‘திறந்தான்’ என்பதில் அந்த இடமே இல்லை. மாற்று மதிப்பு இரண்டையும் ஒரே கூடையில் போடும்: நான்கு சொற்களில் ஓர் எழுவாய் இருக்க, நிரல் மூன்று என்று எண்ணும்.

பாதையிலேயே பிழை நேர்ந்தால் நான்குக்கு நான்கும் எழுவாயாகும். இப்பிழை கண்ணுக்குத் தெரியாமலும் நேரக்கூடும். ‘சொற்கள்’ என்பதன் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஜாவாஸ்கிரிப்ட் அவற்றைச் சமன்படுத்துவதில்லை. இரண்டு வேறு பெயர்களாகவே கொள்ளும். தரவு ஒரு விசைப்பலகையிலும் நிரல் வேறொரு விசைப்பலகையிலும் எழுதப்பட்டால் பாதை முதற்படியிலேயே அறுந்துபோகலாம். மாற்று மதிப்பு அதனையும் மூடிவிடும்.

‘புத்தகம் படித்தான்’ என்பதுபோல் ஐயுருபு தொக்கு நிற்கும் செயப்படுபொருள்கள் எத்தனை விழுக்காடு என்று எண்ணும் ஆய்வேட்டில் இது அட்டவணையாகும், பின் மேற்கோளாகும். அட்டவணையைப் பார்ப்பவருக்கு எண் மட்டுமே தெரியும். அது எந்தப் பாதை வழியே வந்தது என்பது தெரியாது. நின்றுபோகும் நிரலைவிட நில்லாமல் ஓடும் நிரலை அஞ்சவேண்டிய துறை இது.

மதிப்பைக் கேட்குமுன் அறை உண்டா என்று கேட்கும் தனிச்செயல்கள் லோடாஷிலும் லாராவெலிலும் இருக்கின்றன. இரண்டிலும் அதன் பெயர் ‘ஹேஸ்’. ஒரு வரி கூடுதல். அதன்பின் ‘எழுவாய்’, ‘வேற்றுமை இல்லை’, ‘இலக்கணமே குறிக்கப்படவில்லை’, ‘பாதை கிடைக்கவில்லை’ என நான்கு தனிக் கணக்குகள் கிடைக்கும். நான்காவது கணக்கு சுழியமாக இருந்தால்தான் முதலாவதை அட்டவணையில் இடலாம்.