மழைமானி சொல்லாத சேதி

ஒளியிழை என்றதும் நம்மவர்க்கு நினைவில் வருவது இணைய இணைப்புத்தான். அந்த இழையின் முனையிலேயே நுண்ணிய ஒளியியற் கருவிகளைச் செய்யும் தொழில்நுட்பம் ஒன்றும் உண்டு. ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல், இழைமுனையில் லேசர் கொண்டு வில்லைகளையே அச்சிட்டுக் காட்டினார்கள். உடலின் உள்ளே சென்று படம்பிடிப்பதற்கு அவை உதவும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. பதுளைக்காரனாகிய என் கவனம் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு கருவியில் நின்றுவிட்டது. மண்ணுக்குள் இருந்து நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவி அது.

அதைச் செய்யும் முறைகளில் ஒன்று இது. மேலுறையை உரித்தால் ஒளியிழையில் எஞ்சுவது 125 மைக்ரோமீற்றர், அதாவது மில்லிமீற்றரின் எட்டிலொரு பங்கு தடிப்புள்ள கண்ணாடி. அதன் முனையைச் சீராக முறித்து, ஐதரோபுளோரிக் அமிலத்தில் தோய்ப்பார்கள். ஜேர்மானியம் கலந்த நடுப்பகுதி மற்றப் பகுதியைவிட விரைவாகக் கரைவதால் முனையில் சிறு குழி விழும். குழியின் வாயை மெல்லிய கண்ணாடிச் சவ்வினால் மூடி, மின்பொறியில் உருக்கி ஒட்டிவிடுவார்கள். இழைவழியே வரும் ஒளியில் ஒரு பங்கு குழியின் அடியிலும், ஒரு பங்கு சவ்விலும் பட்டுத் திரும்பும். நீர் சவ்வை அழுத்தும்போது இரண்டுக்கும் இடையிலான தூரம் குறுகும். திரும்பிய ஒளிகள் ஒன்றுசேரும் விதம் மாறும். சவ்வின் அசைவு ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவாக இருந்தாலும் மறுமுனையில் தெரிந்துவிடும். மண்ணுக்குள் மின்சாரம் போகவேண்டியதில்லை. ஆகவே ஐப்பசி மின்னலுக்கு அந்த முனை அஞ்சவேண்டியதுமில்லை.

இது ஊவாவுக்கு ஏன் முக்கியம்? மண்துகள்களின் இடைவெளிகளில் நீர் நிறைந்து அழுத்தம் ஏறும்போது, துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்கிறது. மலை சரிவது அப்போதுதான். நமது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பெரிதும் மழைவீழ்ச்சியைக் கொண்டே விடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் மழைமானி வானம் கொடுத்ததைச் சொல்லும்; மண் எவ்வளவு வாங்கிக்கொண்டது என்பதைச் சொல்லாது. ஒரு வாரம் நனைந்து ஊறிய சரிவும், நேற்றுவரை காய்ந்திருந்த சரிவும் ஒரே மழைக்கு ஒரேவிதமாக நடந்துகொள்வதில்லை. அந்த வேறுபாட்டை மண்ணுக்குள் இருக்கும் கருவியால்தான் அறியமுடியும்.

இவ்வளவும் எழுதிய பின் மீரியபெத்தையைப் பற்றிச் சொல்லாமல் இருக்கமுடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள அத்தோட்டத்தின் லயன்கள் மண்ணுள் புதைந்தன. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அது ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததாகப் பின்னர் பரவலாகப் பேசப்பட்டது. செய்தி சேகரிக்கப் போயிருந்த நான் முதியவர் ஒருவரிடம் அதுபற்றிக் கேட்டேன். "போகச் சொன்னாங்க சார். எங்க போறதுன்னு சொல்லலியே" என்றார்.

அவருடைய பதிலுக்குள் மலையகத்தின் காணி வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. கிராமத்தவர் ஒருவருக்கு எச்சரிக்கை கிடைத்தால் வேறு காணியையோ உறவினர் வளவையோ நாடலாம். தோட்டத் தொழிலாளியின் உறவினரும் இன்னொரு லயனில்தான் இருக்கிறார். காலின் கீழுள்ள நிலமும் தோட்டத்துக்குரியது. தானாக ஒரு குடிசை போடவும் அவருக்கு உரிமையில்லை. மீரியபெத்தையில் தப்பியவர்களுக்குப் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தின் மலைகள் மீண்டும் சரிந்தன. மீண்டும் உயிர்கள் போயின. இனி இத்தகைய அழுத்தமானிகளை இங்கே பதிக்கவேண்டும் என்று குரல் எழுந்தால் நானும் அதில் சேர்ந்துகொள்வேன். பல நாடுகளில் அணைக்கட்டுகளைக் கண்காணிக்கும் தொழில்நுட்பம் லயன்களுக்கு மேலுள்ள சரிவுக்கும் உரியதே. ஆனால் கருவிக்குப் பணம் ஒதுக்கும் அதே வரவு செலவுத் திட்டத்தில், அந்தச் சரிவின்கீழ் வாழும் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான காணியும் அதற்குரிய உறுதியும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். இல்லையென்றால் மண்ணின் சேதியை முன்கூட்டியே அறிந்து, அந்த முதியவரிடம் மீண்டும் "போங்கள்" என்று மட்டுமே சொல்லப்போகிறோம்.