வாச்சாத்தியில் கேமரா இல்லை

வெஸ்டர்ன் படங்களில் இரண்டு ஆட்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். ஒருவன் கூலி வாங்கிக்கொண்டு சுடுபவன். இன்னொருவன் செய்யாத குற்றத்துக்காகத் தேடப்படுபவன். முதல் ஆள் இரண்டாம் ஆளைத் துரத்துவான். பாதி வழியில் இவன் நிரபராதி என்று தெரிந்துவிடும். பிறகு இருவரும் சேர்ந்து, பழி போட்ட பண்ணை முதலாளியையோ ஷெரிஃபையோ முடித்துவிட்டு, ஆளுக்கொரு திசையில் குதிரையைத் தட்டிவிடுவார்கள்.

தேனாம்பேட்டையில் நான் வளர்ந்த தெருமுனையில் ஒரு பழைய பேப்பர் கடை இருந்தது. எடைக்கு வந்த லயன், முத்து காமிக்ஸ்களை அங்கேயே உட்கார்ந்து படிக்க விடுவார் கடைக்காரர். அமெரிக்க ஜனாதிபதியைக் கொல்லச் சதி செய்ததாகப் பழி விழுந்து கேப்டன் டைகர் ஓடி ஒளியும் கதை அப்படித்தான் எனக்குக் கிடைத்தது. டைகர் தப்பித்துவிடுவார் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அவர் ராணுவ அதிகாரி, வெள்ளைக்காரர். அவருக்காகப் பேசக் கடைசியில் யாராவது வந்துவிடுவார்கள்.

நம்மூர் வெஸ்டர்ன் என்றால் எழுபதுகளில் கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என்று ஒரு வரிசை உண்டு. 2010இல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ எடுத்தார். ஜாலியான படங்கள். அவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. கார்த்திக் சுப்பராஜின் ‘ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்’ அப்படியல்ல. 2023 நவம்பர் 10 அன்று, தீபாவளியையொட்டி வந்த படம். அப்போதே பார்த்தேன். போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத் தோழர்களோடு மொட்டை மாடியில் மறுபடி பார்த்தோம்.

படத்தில் எஸ்.ஜே. சூர்யாவின் கிருபை, போலீஸ் வேலையில் சேரக் காத்திருப்பவன். ரத்தத்தைப் பார்த்தாலே நடுங்குபவன். செய்யாத கொலை அவன் தலையில் விழுந்து சிறைக்குப் போகிறான். அங்கிருந்து ஒரு போலீஸ் அதிகாரி அவனை வெளியே எடுக்கிறார். விலை ஒன்றுதான்: மதுரை ரவுடி அல்லியஸ் சீசரைக் கொல்ல வேண்டும். சீசராக ராகவா லாரன்ஸ். கிளின்ட் ஈஸ்ட்வுட் பைத்தியம். தமிழ் சினிமாவின் முதல் கறுப்பு ஹீரோவாக வேண்டும் என்று ஆசைப்படுபவன். சத்யஜித் ரேயின் சீடன் என்று பொய் சொல்லிக்கொண்டு கிருபை அவனிடம் போகிறான். கையில் கேமரா, மனதில் கொலை.

பாருங்கள், வெஸ்டர்னில் இரண்டு பேராக இருந்தவர்கள் இங்கே ஒரே ஆளாகிவிட்டார்கள். பொய்வழக்கில் மாட்டியவன்தான் கூலிக்குச் சுடுபவனும். இதற்கு ஈஸ்ட்வுட்டிடமே ஒரு முன்னோடி உண்டு. 1968இல் வந்த ‘ஹாங் எம் ஹை’ படத்தில் நிரபராதியான அவரை ஒன்பது பேர் கும்பல் மரத்தில் தொங்கவிடுகிறது. வழியில் வந்த மார்ஷல் கயிற்றை அறுத்துக் காப்பாற்றுகிறார். நிரபராதி என்று தெரிந்ததும் நீதிபதி அவருக்கே மார்ஷல் பதவி தந்து, அந்தக் கும்பலைச் சட்டப்படி பிடித்துவரச் சொல்கிறார். அமெரிக்காவில் பழி சுமந்தவனுக்குப் பதவி கிடைக்கிறது, தன் வழக்கைத் தானே தீர்த்துக்கொள்ள. கிருபைக்குக் கிடைப்பது அதிகாரிக்கு வேண்டாத ஆளை முடிக்கும் வேலை. பழி அப்படியே இருக்கிறது. அது இருந்தால்தானே அவன் சொன்னதைக் கேட்பான்.

இதை நான் சினிமாவில் கற்றுக்கொள்ளவில்லை. என் சித்தப்பாவைப் பார்த்துக் கற்றேன்.

அவர் மவுண்ட் ரோடு பேனர் ஆர்ட்டிஸ்ட் ஒருவரிடம் கையாளாக இருந்தார். சின்னப் படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பத்து மடங்காக்கித் துணியில் இழுப்பார்கள். “மூஞ்சிய மாஸ்டர் வரைவாரு, துப்பாக்கிய நான்தான்டா வரைவேன்” என்பார். உண்மைதான். அந்தக் காலத்தில் அண்ணா சாலையில் ஹீரோக்கள் பிடித்திருந்த துப்பாக்கிகளில் சில எங்கள் வீட்டு ஆள் வரைந்தவை. நிஜத் துப்பாக்கியை அவர் தொட்டதில்லை.

அக்கம்பக்கத்து பங்களா ஒன்றில் ஏதோ திருடு போனது. திருடனைத் தேடுவது கஷ்டம், எங்கள் தெருவைத் தேடுவது சுலபம். சித்தப்பாவையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று இரவுகள். அடித்தார்களா என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் பிரஷ்ஷைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. மூன்றாம் நாள் அவர் முன் ஒரு காகிதத்தை வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவனிடமிருந்து திருட்டுப் பொருளைக் கைப்பற்றும்போது தான் கூட இருந்து பார்த்ததாக அதில் எழுதியிருந்தது. மகஜர் சாட்சி. “இதுல கையெழுத்துப் போட்ரு, உன் பேரை எடுத்துர்றேன்.” போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு ராத்திரி சித்தி சோறு போட்டபோது தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கிருபைக்காவது துப்பாக்கி கொடுத்தார்கள். சித்தப்பாவுக்குப் பேனா. இரண்டும் ஒரே வேலைக்குத்தான்.

வழக்கு சில வருஷம் கழித்து விசாரணைக்கு வந்தது. கூண்டில் ஏறி, “நான் எதையும் பாக்கல சார், ஸ்டேஷன்ல கையெழுத்து வாங்கினாங்க” என்று சொல்லிவிட்டார் சித்தப்பா. பையன் விடுதலையானான். அவர் சொன்ன அந்த உண்மைக்காக நீதிமன்றப் பதிவேட்டில் அவருக்கு ஏறிய பட்டம் ‘பிறழ் சாட்சி’. அதற்குப் பிறகு அவர் மேல் 110 போட ஆரம்பித்தார்கள்.

110 என்றால் என்னவென்று புதிய தோழர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 109, 110 என்ற பிரிவுகள் இருந்தன. சந்தேகத்துக்குரியவர், வழக்கமாகக் குற்றம் செய்பவர் என்று போலீஸ் கருதும் ஆளிடம் ‘நன்னடத்தைப் பிணை’ எழுதி வாங்கலாம். 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அவையே 128, 129 ஆகியிருக்கின்றன. எண் மாறியதே தவிர விஷயம் மாறவில்லை. குற்றம் நடந்திருக்க வேண்டிய அவசியமில்லை. நடக்கலாம் என்று நினைத்தால் போதும். பெரிய தலைவர் வருகிறார், சுதந்திர தினம் வருகிறது, தேர்தல் வருகிறது என்றால் எங்கள் தெருவுக்கு ஜீப் வந்துவிடும். நல்லவனாக இருப்பேன் என்று எழுதித் தரச் சொல்லி, போட் கிளப் பக்கம் எந்த வீட்டுக்காவது ஜீப் போயிருக்கிறதா?

சென்னையில் இன்னொரு கூத்து. அந்தப் பிணையை வாங்கும் நிர்வாக நடுவர் அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களிடமே கொடுத்து வைத்திருந்தார்கள். பிடிப்பதும் போலீஸ், விசாரிப்பதும் போலீஸ். அப்படி அதிகாரம் கொடுத்த அரசாணைகள் செல்லாது என்று 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படித்து வையுங்கள், உதவும்.

இந்தச் சிந்தனையின் வேர் 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம். வெஸ்டர்னில் சுவரில் ஒட்டிய ‘தேடப்படுகிறார்’ நோட்டீஸில் ஒரு முகம் இருக்கும். இந்தச் சட்டம் முகமே பார்க்காமல் சாதி சாதியாக ஒட்டியது. 1952 ஆகஸ்ட் 31 அன்று நாடு முழுக்க ரத்தானது. ‘வழக்கமான குற்றவாளி’ என்ற பெயரில் வேறு சட்டங்களில் குடியேறிக்கொண்டது. 2024 அக்டோபர் 3 அன்று, சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சிறைக் கையேடுகளில் இருந்த சாதிப் பாகுபாட்டு விதிகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கைதிப் பதிவேட்டில் சாதிக்கென்று இருந்த கட்டத்தையே நீக்கச் சொன்னது. 2024இல்தான் சொல்ல வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். ‘தப்பியோடியவர்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். ‘ஜெய் பீம்’ படத்துக்கு மூலமான 1993ஆம் ஆண்டு ராஜாகண்ணு வழக்கில், காவலில் செத்துப்போனவரைத்தான் போலீஸ் ‘தப்பி ஓடிவிட்டார்’ என்றது.

படத்துக்கு வருகிறேன். கிருபை கடைசியில் சுடுவதில்லை. கேமராவைத் திருப்புகிறான். இந்த இடத்தில் எனக்குப் படத்தின் மேல் மரியாதை உண்டு. சித்தப்பா கூண்டில் செய்ததும் இதுதான் என்பதால் இருக்கலாம். ஆனால் கேமரா எதைப் படம் பிடிக்கிறது? சீசரின் மக்கள், மலைவாழ் பழங்குடி மக்கள், போலீஸ் துப்பாக்கிகளுக்கு முன்னால் விலகாமல் நின்று சாகிறார்கள். சீசரும் சாகிறான். அந்தச் சாவு படமாகிறது. படம் தியேட்டரில் ஓடி ஊருக்கு உண்மை தெரிகிறது. மொட்டை மாடியில் பலருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

அப்போது விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு தங்கை கேட்டாள்: “அண்ணா, அவங்க ஏன் ஓடல?”

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு தோழர், அது தியாகம் என்றார். இன்னொருவர், ஓடினால் கிளைமாக்ஸ் இருக்காது என்றார், சிரித்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி இன்னும் விடவில்லை. நம் மேல் நடந்த கொடுமையை நிரூபிக்க நம் பிணம்தான் வேண்டும் என்று எவ்வளவு அழகாகப் பழக்கப்படுத்திவிட்டார்கள் நம்மை!

ஈஸ்ட்வுட்டின் ‘அன்ஃபர்கிவன்’ 1992 ஆகஸ்டில் வந்தது. அதில் கூலிக்குக் கொல்லக் கிளம்பும் மூவரில் ஒருவர் மார்கன் ஃப்ரீமன் நடித்த நெட். நேரம் வந்தபோது அவனால் ஆளைச் சுட முடியவில்லை. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறான். யாரையும் கொல்லாத அவனைத்தான் பிடிக்கிறார்கள். ஷெரிஃப் சாட்டையால் அடித்தே கொல்கிறார். பிணத்தை மதுக்கடை வாசலில் வைக்கிறார்கள். மூவரில் கறுப்பன் அவன் ஒருவன்தான், படத்தில் யாரும் அதைச் சொல்லுவதுகூட இல்லை. அவன் சாவு ஈஸ்ட்வுட்டுக்குக் கோபம் வருவதற்கான காரணம், அவ்வளவே. ஆஸ்கர் வாங்கிய படம், நல்ல படம்தான். ஆனால் நெட் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்து, எனக்கு நடந்தது இது என்று தன் வாயால் சொல்லும் படத்தை யாரும் எடுக்கவில்லை.

அந்தப் படம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1992 ஜூன் 20 அன்று, தர்மபுரி மாவட்டம் அரூர் அருகே சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். சந்தனமரக் கடத்தலைத் தேடுகிறோம் என்றார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள். ஊர் மக்கள் மேலேயே கடத்தல் வழக்குப் போட்டு, பெண்களையும் குழந்தைகளையும் சிறைக்கு அனுப்பினார்கள். ஆண்கள் பலர் காட்டுக்குள் ஓடினார்கள். ஆமாம், ஓடினார்கள். அரசு மொழியில் தேடப்படும் கடத்தல்காரர்கள். ஓடியவர்கள் உயிரோடு இருந்தார்கள். சிறைக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். வந்து பேசினார்கள்.

அங்கே கேமரா இல்லை, கிருபை இல்லை. பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களும் ஊருக்குள் போய்க் கேட்டு எழுதினார்கள், வழக்குப் போட்டார்கள். 1995இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அடையாள அணிவகுப்பில் அந்தப் பெண்கள் ஒவ்வொருவராகப் போய், எதிரே நிற்பவன் முகத்தைப் பார்த்து, இவன்தான் என்று காட்டினார்கள். சினிமாவில் இதற்கு ஸ்லோ மோஷன் வைக்க மாட்டார்கள். ஒரு ஆள் கூடச் சாகவில்லையே, எப்படி வைப்பார்கள்?

2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது குற்றவாளிகளில் 54 பேர் செத்திருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டில் நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். அதே செப்டம்பர் 29ஆம் தேதி தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் இழப்பீடு தர வேண்டும், அதில் பாதியைப் பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றார். அப்போதைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மேலும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். 31 வருஷம். தீர்ப்பு வந்து ஆறு வாரத்தில் ‘ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்’ தியேட்டருக்கு வந்தது. அதன் கிளைமாக்ஸுக்குக் கைதட்டிய ஊரில், வாச்சாத்தித் தீர்ப்பை எத்தனை பேர் வாசித்தோம்?

படத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. சந்தோஷ் நாராயணன் இசைக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம். அந்தத் தங்கையின் கேள்வியோடு பாருங்கள் என்கிறேன்.

அவள் இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, 110 நோட்டீஸ் வந்த வீடுகளைக் கணக்கெடுக்கிறாள். என்ன தேதி, எந்தப் பிரிவு, நோட்டீஸில் யார் கையெழுத்து, அன்றைக்கு அந்த ஆள் உண்மையில் எங்கே இருந்தார், யார் பார்த்தார்கள். சனி, ஞாயிறுகளில் போகிறோம், வர முடிந்தவர்கள் வாருங்கள். முதல் வீட்டில் ஒரு பெரியவர் உள்ளே போய் ரேஷன் கார்டு உறையைக் கொண்டுவந்து பிரித்தார். மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டி, பதினோரு வருஷத்து நோட்டீஸ் பத்திரமாக இருந்தது. “இத கேக்க யாராச்சும் வருவாங்கன்னுதாம்மா வெச்சிருந்தேன்” என்றார்.